தொட்டுப் பார்க்கக் கற்பது: உடற்பரிசோதனைப் பயிற்சி எங்கே தளர்கிறது?

ஓர் அரசு மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் கட்டில் கட்டிலாகக் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே போனால் நான்கு வரிகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். இதயம்: எஸ்1, எஸ்2 பிளஸ். நுரையீரல்: இருபுறமும் காற்று போகிறது. வயிறு: மென்மை. நரம்பு மண்டலம்: குறிப்பிடத்தக்க குறைபாடு இல்லை. எல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்தில், ஒரே வேகத்தில், ஒரே பேனாவில். நாற்பது பேருக்கும் நெஞ்சு ஒரே மாதிரிதான் ஒலிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்திலேயே நர்சிங் மாணவர்கள் நிரப்பும் வைட்டல்ஸ் சார்ட் தொங்கும். அதில் மூச்சு எண்ணிக்கைக்கான கட்டத்தில் 18, 20, 18, 20. நிமோனியாவில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கும் 20; சர்க்கரை அளவைச் சரிசெய்யச் சேர்ந்தவருக்கும் 20.

இதை எழுதியவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் இவர்கள் எல்லோருமே உடற்பரிசோதனையைப் பாடமாகப் படித்தவர்கள், செய்முறைத் தேர்வில் தேறியவர்கள். படித்தது ஏன் கைக்கு வரவில்லை, கைக்கு வந்ததும் ஏன் வார்டில் நிலைக்கவில்லை என்பதை ஐம்பது ஆண்டுகளாகப் பல நாடுகளில் ஆராய்ந்து வருகிறார்கள். அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: புத்தகத்துக்கும் பொம்மைக்கும் கருவிக்கும் பஞ்சமில்லை. மாணவர் நோயாளியின்மேல் கைவைக்கும்போது அந்தக் கையைப் பார்க்கவும், அவர் கண்டது சரிதானா என்று காட்டவும்தான் ஆளில்லை.

இந்தக் கலையை உண்டாக்கியவர்கள் எப்படிக் கற்றார்கள் என்பதையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் விடுதி நடத்தியவரின் மகன் லியோபோல்ட் அவுவன்ப்ருக்கர். நெஞ்சைத் தட்டி, உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று அறியும் முறையை 1761இல் வியன்னாவில் சிறுநூலாக வெளியிட்டார். வெளியிடும் முன் பிணங்களின் நெஞ்சறைக்குள் நீரைச் செலுத்தித் தட்டிப் பார்த்து, ஓசை எங்கே மாறுகிறது என்று சரிபார்த்திருந்தார். நூலைப் பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. நெப்போலியனின் மருத்துவர் கோர்விசார் 1808இல் அதைப் பிரெஞ்சில் கொண்டுவந்த பிறகுதான் முறை பரவியது. எட்டு ஆண்டு கழித்து, பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில், ஓர் இளம்பெண்ணின் நெஞ்சில் நேரே காதை வைக்கக் கூச்சப்பட்டு லெனெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். அதுதான் ஸ்டெதஸ்கோப். அவரது நூல் 1819இல் வந்தது. உயிரோடிருக்கும்போது கேட்ட ஒலியையும், அதே நோயாளி இறந்தபின் உடலைத் திறந்து பார்த்ததையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினார். இன்ன ஒலி கேட்டால் உள்ளே இன்னது என்ற கணக்கு அப்படித்தான் நிலைபெற்றது. இந்தப் புதிய முறைகளில் அவர்களைத் திருத்த ஆசிரியர் கிடையாது. பிணப் பரிசோதனை மேசைதான் அவர்களைத் திருத்தியது.

அதற்குப் பிறகு வந்தவை தெரிந்த கதைதான். 1896இல் ரிவா-ரோச்சியின் இரத்த அழுத்தப் பட்டை, 1905இல் அந்தப் பட்டைக்குக் கீழே ஸ்டெத் வைத்துக் கேட்கலாம் என்று கொரோட்காஃப் சொன்னது, 1897இல் ஹட்சிசனின் பாடநூல். நம் மாணவர்கள் இன்றும் அந்த நூலின் புதிய பதிப்பைத்தான் வாங்குகிறார்கள்.

ஸ்கேன், எக்கோ, இரத்தப் பரிசோதனை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது தொட்டும் தட்டியும் பார்க்கத் தேவையிருக்கிறதா? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கொஞ்சம் சங்கடமானது. இங்கிலாந்தில் ஹாம்ப்டனும் உடனிருந்தவர்களும் 1975இல் வெளியிட்ட ஆய்வில் புதிதாக வந்த 80 நோயாளிகளில் 66 பேருக்கு, அனுப்பியவரின் கடிதத்தையும் நோயாளியின் பேச்சையும் வைத்தே நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. உடற்பரிசோதனை உதவியது 7 பேருக்கு. ஆய்வகச் சோதனைகள் இன்னொரு 7 பேருக்கு. 1992இல் அமெரிக்காவில் பீட்டர்சன் குழு செய்த ஆய்விலும் கிட்டத்தட்ட இதே கதை: விசாரிப்பு 76 சதவீதம், பரிசோதனை 12, ஆய்வகம் 11. பரிசோதனைக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இந்த எண்களைச் சொல்வதில்லை. ஆனால் இதே எண்களில், கையால் பார்ப்பது ஆய்வகம் அளவுக்கு உதவியிருக்கிறது என்பதும் அடங்கியிருக்கிறது. அதற்கு ஆகும் செலவு சில நிமிடங்கள்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை வேறு வகையில் அணுகியவர் ஆபிரகாம் வர்கீஸ். எத்தியோப்பியாவில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, இப்போது ஸ்டான்ஃபோர்டில் இருப்பவர். மருத்துவர் கணினித் திரையில் இருக்கும் நோயாளிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க, கட்டிலில் இருப்பவர் காத்துக்கிடக்கிறார் என்று 2008இல் எழுதியவர். அவரும் உடனிருந்தவர்களும் 2015இல், பரிசோதனைக் குறைபாட்டால் நேர்ந்த பிழைகளை மருத்துவர்களிடமே கேட்டுத் தொகுத்தார்கள். வந்த 208 சம்பவங்களில் 63 சதவீதத்தில் பரிசோதனை தவறாகச் செய்யப்படவில்லை, செய்யப்படவே இல்லை. விரும்பியவர்கள் எழுதியனுப்பிய சம்பவங்கள் என்பதால் இத்தகைய பிழை எத்தனை பேருக்கு நேர்கிறது என்ற கணக்கை இதிலிருந்து எடுக்க முடியாது. ஆனாலும் பிழையின் தன்மை தெரிகிறது. நுணுக்கமான ஒலியைத் தவறவிட்டதைவிட, துணியை விலக்கிப் பார்க்காமல் விட்டதே அதிகம்.

எல்லா அறிகுறிக்கும் ஒரே மதிப்பில்லை என்பது அடுத்த சிக்கல். டேவிட் சாக்கெட்டின் முன்னோடிப் பணியோடு 1992இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு தொடர் தொடங்கியது. ஒரு குறி இருந்தால் நோய் இருக்கும் சாத்தியம் எவ்வளவு கூடுகிறது, இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்தால் ஒரே முடிவுக்கு வருகிறார்களா என்று ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தார்கள். பல புகழ்பெற்ற குறிகள் தேறவில்லை. பாதத்தை மேலே மடக்கினால் கெண்டைக்கால் வலிக்கிறதா என்று பார்க்கும் ஹோமன்ஸ் குறி காலில் இரத்தம் கட்டியிருப்பதைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய உதவாது. ஆனாலும் நர்சிங் பாடநூல்களில் அது நீண்ட காலம் குந்தியிருந்தது. மாறாக, கீழ் இமையை இழுத்துப் பார்க்கும்போது விளிம்பே வெளிறியிருந்தால் இரத்தசோகையை உறுதியாகச் சந்தேகிக்கலாம். வெளிறவில்லை என்பதால் இரத்தசோகை இல்லை என்று மட்டும் சொல்லக் கூடாது. இந்த இரண்டாவது பாதியைத்தான் மாணவர்களுக்குச் சொல்லித் தர மறந்துவிடுகிறோம்.

இந்த உரசலுக்குப் பிறகு சிலர் பாடத்தையே சுருக்க முனைந்தார்கள். அமெரிக்காவில் 2014இல் முன்வைக்கப்பட்ட ஒரு திட்டம், எல்லா நோயாளிக்கும் செய்யவேண்டிய 37 செயல்களை மட்டும் அடிப்படையாக வைத்துக்கொண்டு, மீதியைச் சந்தேகத்துக்கு ஏற்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. மூச்சுத் திணறலோடு வந்தவருக்கு ஒரு கொத்து, வயிற்று வலியோடு வந்தவருக்கு வேறு கொத்து. தலைமுதல் கால்வரை ஒப்பிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடுகிற கை சீக்கிரம் கற்கிறது.

கை எப்படிக் கற்கிறது என்பதை ஒரு செயலில் நெருங்கிப் பார்ப்போம். மலேரியா, கல்லீரல் சுருக்கம், சிலவகை இரத்தப் புற்றுநோய் என்று பல நோய்களில் மண்ணீரல் வீங்கும். இடது விலாவின் கீழிருந்து வலது அடிவயிற்றை நோக்கிச் சாய்வாக இறங்கும். ஆகவே வலது அடிவயிற்றில் கையை வைத்துத் தொடங்கவேண்டும். நோயாளி மூச்சை இழுக்கும்போது விரல்நுனி அசையாமல் காத்திருக்கவேண்டும். மூச்சை விடும்போது ஒரு விரற்கடை மேலேற வேண்டும். இப்படியே இடது விலாவரை. புதிய மாணவர் நேரே இடது விலாவுக்குக் கீழே கையைக் கொண்டுபோய் வைப்பார். மண்ணீரல் லேசாக வீங்கியிருந்தால் தப்பித்துக்கொள்வார். அது தொப்புளைத் தாண்டி வளர்ந்திருந்தால் அவர் கை ஏற்கெனவே அதன் மேலேயே இருக்கும், விளிம்பு தட்டுப்படாது, வயிறு மென்மை என்று எழுதிவிட்டுப் போவார். சிறியதைக் கண்டுபிடித்துப் பெரியதைக் கோட்டைவிடும் விநோதம் இது. கூடவே சின்னச் சின்னத் தவறுகள்: சில்லிட்ட கை, முழங்காலை மடக்கச் சொல்லாதது, விரல்நுனியால் குத்துவது, நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பது. வலி தெரிவது முகத்தில் அல்லவா! இவை எதுவும் செய்கிறவருக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு பார்வையில் தெரியும்.

நெஞ்சைத் தட்டுவதும் அப்படித்தான். இடது நடுவிரல் விலா இடைவெளியில் அழுந்தப் படிந்திருக்க, மற்ற விரல்கள் தோலைத் தொடாமல் விலகியிருக்க, வலது நடுவிரல் மணிக்கட்டிலிருந்து விழுந்து உடனே எழவேண்டும். முழங்கையிலிருந்து அடிப்பவர்கள் உண்டு. அடித்த விரலை அங்கேயே அமுக்கி ஓசையைக் கொன்றுவிடுபவர்கள் உண்டு. மிருதங்க வகுப்பில் முதல் நாளே ஆசிரியர் நிறுத்தித் திருத்தியிருப்பார். எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு முடித்தாலும் யாராலும் நிறுத்தப்படாத விரல்கள் நம் வார்டுகளில் ஏராளம்.

காதின் கதை இன்னும் மோசம். மங்கியோனியும் நீமனும் 1997இல் அமெரிக்கப் பயிற்சி மருத்துவர்களுக்கு இதய ஒலிப் பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். ஐந்தில் ஒன்றைத்தான் சரியாகச் சொன்னார்கள். மூத்த பயிற்சி மருத்துவர்களும் மாணவர்களைவிட அதிகம் தேறவில்லை என்பதுதான் உறுத்தலான விஷயம். ஆண்டு கூடினால் அனுபவம் கூடும் என்ற நம்பிக்கையை அது அசைத்துவிட்டது. பதில் தெரியாமல் ஆயிரம் நெஞ்சில் ஸ்டெத் வைத்தாலும் காது பழகுவதில்லை. பின்னர் மைக்கேல் பாரெட் என்ற இதய மருத்துவர், ‘மர்மர்’ எனப்படும் இதய இரைச்சல்களில் அடிப்படையானவை ஒவ்வொன்றையும் 500 முறை மாணவர்களைக் கேட்கவைத்தார். 2004இல் வெளியான முடிவில் அவர்கள் திறன் பல மடங்கு கூடியிருந்தது. இங்கே மாணவருக்கு எது எந்த ஒலி என்று தெரிந்தே கேட்டது முக்கியம். செல்போனும் இயர்போனும் இருந்தால் போதும், பேருந்தில் உட்கார்ந்தே செய்யலாம். இவ்வளவு மலிவான பயிற்சியை எந்தக் கல்லூரியும் ஏன் கட்டாயமாக்கவில்லை என்பது எனக்குப் புரிவதில்லை.

பொம்மைகளின் வரலாறு நீண்டது. மயாமி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கார்டன் உருவாக்கிய ‘ஹார்வி’ என்ற இதய நோய்ப் பொம்மை 1968இலேயே வந்துவிட்டது. நாடித்துடிப்பு, கழுத்துச் சிரை, இதய ஒலி எல்லாவற்றையும் நோய்க்கேற்ப மாற்றிக் காட்டும். அமெரிக்காவின் மாநில நர்சிங் வாரியங்களின் தேசியக் கவுன்சில் 10 நர்சிங் கல்லூரிகளில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதிவரை பொம்மைப் பயிற்சியால் ஈடுசெய்தாலும் மாணவர் தரம் குறையவில்லை என்றது. இதை இங்கே மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. அந்தக் கல்லூரிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் மாணவர்களை உட்காரவைத்து, என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று பேசினார்கள். கல்லூரியைச் சோதிக்க ஆய்வுக்குழுவினர் வரும்போது மட்டும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, அவர்கள் போனதும் மறுபடி கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டும் பொம்மைக்கு அந்த முடிவு பொருந்தாது.

கையளவு அல்ட்ராசவுண்டு வந்தபின் விவாதம் வேறு திசையில் போகிறது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், வெறும் 18 மணி நேரம் பயிற்சி பெற்ற முதலாண்டு மாணவர்கள் இருவர் அந்தக் கருவியால் இதயக் கோளாறுகளில் 75 சதவீதத்தைக் கண்டுபிடித்தார்கள். கையாலும் ஸ்டெத்தாலும் பார்த்த இதய நிபுணர்கள் கண்டது 49 சதவீதம். ஸ்டெத்துக்கு இரங்கற்பா எழுத இதைப் பலர் பயன்படுத்திக்கொண்டார்கள். கருவியின் பெரிய பயன் கற்பிப்பதில்தான் என்று நினைக்கிறேன். லெனெக்குக்குப் பிண மேசை செய்ததை இது உயிருள்ள நோயாளியிடமே செய்துவிடும். கல்லீரல் விளிம்பு இங்கே என்று மாணவர் பேனாவால் கோடு போடட்டும். உடனே கருவியை வைத்துப் பார்த்தால் கோடு சரியா தப்பா என்று தெரிந்துவிடும். ஆனால் இந்தியாவில் இதை வார்டில் சுலபமாக வைத்துக்கொள்ள முடியாது. கருவிலேயே பெண் சிசுவைக் கண்டறிந்து அழிப்பதைத் தடுக்க வந்த 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு அல்ட்ராசவுண்டு கருவியும் பதிவு செய்யப்படவேண்டும். அதை யார், எங்கே பயன்படுத்தலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. சட்டம் வந்த காரணம் நியாயமானது, இன்றும் அது தேவை. மேலைநாட்டுப் பாடத்திட்டத்தை அப்படியே எடுத்து நடுகிறவர்கள்தான் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

நர்சிங் மாணவர்களின் பக்கம் வந்தால் கேள்வியே வேறு வடிவம் எடுக்கிறது. நோயாளியைக் கூர்ந்து கவனிப்பதைப் பற்றி ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வந்த தன் நூலில் ஓர் அத்தியாயமே எழுதினார். ஆனால் ஸ்டெத் வைத்துக் கேட்பதும் தட்டிப் பார்ப்பதும் மருத்துவர் வேலை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1965இல் அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் தொடங்கிய நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சிக்குப் பிறகுதான் உடற்பரிசோதனை நர்சிங் பாடத்துக்குள் முழுதாக நுழைந்தது. இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021இல் அரசிதழில் வெளியான புதிய பி.எஸ்சி. பாடத்திட்டம், இரண்டாம் பருவத்திலேயே உடல்நல மதிப்பீட்டைத் தனித் தொகுதியாக வைத்திருக்கிறது.

பாடத்தில் இருப்பது வார்டில் இருக்கிறதா? ஜீன் கிடன்ஸ் 2007இல் அமெரிக்க நர்ஸ்களிடம் 126 பரிசோதனைச் செயல்களைப் பட்டியலிட்டுக் கேட்டபோது வழக்கமாகச் செய்வது 30தான் என்று தெரிந்தது. வேறு ஆய்வுகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. அப்படியானால் அந்த முப்பதை மட்டும் ஆழமாகக் கற்பிக்கலாமே என்று ஒரு வாதம் எழுந்தது. பாதி ஏற்றுக்கொள்ளலாம். மீதிப் பாதியில் ஓர் ஓட்டை இருக்கிறது: நர்ஸ்கள் செய்யாததெல்லாம் தேவையற்றது என்று எப்படிச் சொல்வது? நேரமில்லை, நம்பிக்கையில்லை, வார்டில் அது வழக்கமில்லை, செய்து சொன்னாலும் மருத்துவர் பொருட்படுத்துவதில்லை என்றெல்லாம் அவர்களே காரணம் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் இன்னொன்றும் சேரும். மாணவர்களின் ரெக்கார்ட் நோட்டில் தலைமுதல் கால்வரை மதிப்பீடு என்று இரண்டு பக்கம் இருக்கும். முடி கறுப்பு, பேன் இல்லை. கண்ணில் கசிவு இல்லை. காதில் சீழ் இல்லை. சீனியர் நோட்டிலிருந்து இறங்கிவந்த வரிகள். டியூட்டர் அதில் பிழை திருத்துவது பெரும்பாலும் கையெழுத்தையும் அடிக்கோட்டையும்தான்.

உண்மையில் நர்ஸின் பரிசோதனைதான் பல சமயம் உயிரைக் காக்கிறது. 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றுபோன 64 பேரில் 84 சதவீதத்தினருக்கு அதற்கு முந்தைய எட்டு மணி நேரத்துக்குள் நிலைமை மோசமாகி வந்ததற்கான தடயம் இருந்தது. மூச்சு, நாடி, நினைவு என்று ஏதோ ஒன்று மாறியிருந்தது. லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரி 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறை இந்த அறிவின்மேல் கட்டப்பட்டது. மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, கூடுதல் ஆக்ஸிஜன் ஓடுகிறதா, இரத்த அழுத்தம், நாடி, நினைவு, வெப்பம். ஏழும் நர்ஸின் கையில் இருப்பவை. இவற்றில் கருவி இல்லாமல் எண்ணவேண்டிய ஒன்றுதான் வார்டுகளில் அதிகம் பொய்யாக எழுதப்படுகிறது.

மூச்சை எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. எண்ணப்போகிறேன் என்று சொன்னால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணவேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சுப் பிழைகூட நான்காகிவிடும். இதை நன்றாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சான்று ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து வரவில்லை. பப்புவா நியூகினியில் ஃபிராங்க் ஷானும் உடனிருந்தவர்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தையின் மூச்சு வேகமும் விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குவதுமே நிமோனியாவைப் பிரித்தறியப் போதுமான வழி என்று காட்டியது. உலக சுகாதார நிறுவனம் அதை விதியாக்கியது: 2 முதல் 11 மாதக் குழந்தைக்கு நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40, அவ்வளவோ அதற்கு மேலோ இருந்தால் வேகமான மூச்சு. நம் கிராம சுகாதார செவிலியர்கள் எக்ஸ்ரே இல்லாமல் துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பது இந்த எண்ணை வைத்துத்தான். வார்டில் 20 என்று எழுதிப் பழகிய கை அங்கே போனதும் திடீரென்று எண்ணத் தொடங்கிவிடாது.

கண்டது சரியாக இருந்தாலும் அது காதில் ஏறவேண்டும். இரவு டூட்டியில் அடிக்கடி நடப்பது இது. “டாக்டர், ஏழாம் பெட் தாத்தாவுக்கு மூச்சு வாங்குது, 30 இருக்கு.” “சாச்சுரேஷன் எவ்வளவு சிஸ்டர்?” “96.” “அப்போ பரவாயில்லை, காலைல ரவுண்ட்ஸ்ல பார்த்துக்கலாம்.” இரத்தத்தில் அமிலம் ஏறும்போதும் கிருமித்தொற்று உடலெங்கும் பரவும்போதும் ஆக்ஸிஜன் அளவு சரியாக இருக்கையிலேயே மூச்சு வேகம் கூடும் என்பதை இருவரும் படித்திருக்கிறார்கள், தனித்தனி வகுப்பறையில். வயிற்றைப் பார்க்கும் வரிசைகூட இவர்களுக்கு வேறு வேறு. நர்சிங் நூல்கள் கையை வைக்கும் முன் ஸ்டெத் வைக்கச் சொல்கின்றன, எம்.பி.பி.எஸ். மாணவர் தொட்டு, தட்டி, கடைசியில்தான் கேட்கிறார். ஒரே வளாகத்தில் இருக்கும் இரண்டு கல்லூரி மாணவர்கள் ஒரே திறன் கூடத்தில் ஒன்றாகப் பயில்வதற்கு இடையூறாக இருப்பது நேர அட்டவணையைத் தவிர வேறென்ன என்று தெரியவில்லை.

நோயாளியின் பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். நம் மாணவர்கள் படிக்கும் பல நூல்களின் படங்கள் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. கறுத்த தோலில் நோய்க்குறி எப்படித் தெரியும் என்று லண்டன் செயின்ட் ஜார்ஜ் மாணவர் மலோன் முக்வெண்டே ஆசிரியர்களோடு சேர்ந்து 2020இல் ஒரு கையேடே போடவேண்டியிருந்தது. படுக்கைப்புண்ணின் முதல் கட்டத்தில் தோல் சிவக்கும் என்று படித்த மாணவருக்கு, மாநிறத்தில் அந்தச் சிவப்பு தெரியாது. புறங்கையை வைத்து இடம் சுடுகிறதா, பக்கத்துச் சதையைவிடக் கெட்டியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும். மஞ்சள் காமாலையைக் கண்ணின் வெள்ளை விழியில், பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். நீலம் பாரித்திருப்பதை நாக்கில். கருவியும் இதில் பாரபட்சமற்றது இல்லை. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், உண்மையில் குறைந்திருக்கும் ஆக்ஸிஜனைச் சரியென்று காட்டுவது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகம் என்று 2020இல் மிச்சிகனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது.

பெண் நோயாளிகள் விஷயத்தில் நம் வார்டுகள் கற்பிப்பது தவிர்க்கத்தான். திரை இருக்காது, இருந்தாலும் பாதி கிழிந்திருக்கும். சுற்றிலும் பத்து மாணவர்கள். புடவைக்கும் ரவிக்கைக்கும் மேலேயே ஸ்டெத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். துணி உரசும் சத்தத்தில் மர்மராவது ஒன்றாவது. இதயத்துடிப்பு படும் இடத்தைத் தேடுவதே இல்லை. உடன் ஒரு நர்ஸை நிறுத்தி, என்ன செய்யப்போகிறோம் என்று தமிழில் நாலு வார்த்தை சொல்லி, அவரையே துணியைச் சற்று விலக்கச் சொன்னால் பெரும்பாலான பெண்கள் மறுப்பதில்லை. அந்த நாலு வார்த்தையை யாரும் கற்றுத் தருவதில்லை. யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். இன்று ஆங்கிலத்தில் படித்துவிட்டு வார்டில் நின்று சொல் தேடுகிறோம். இன்னொரு பக்கம், அரிய நோயுள்ளவர் ‘நல்ல கேஸ்’ ஆகிவிடுகிறார். காலையிலிருந்து முப்பது கைகள் அவர் வயிற்றை அழுத்தும். போதும் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பதை அவருக்கும் மாணவருக்கும் யார் சொல்வது? மயக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் கற்பதற்காக அந்தரங்கப் பரிசோதனை செய்வதென்றால் முன்கூட்டியே தனிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும் என்று அமெரிக்க சுகாதாரத் துறை மருத்துவமனைகளுக்குத் தெளிவுபடுத்தியதே 2024 ஏப்ரலில்தான்.

கடைசியாகத் தேர்வு. மாணவர்கள் எதைக் கற்பார்கள் என்பதைத் தேர்வுதான் தீர்மானிக்கிறது. எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வின் லாங் கேஸில் மாணவர் தனியாக நோயாளியைப் பார்ப்பார்; தேர்வாளர் பிறகு வந்து அவர் சொல்வதைக் கேட்பார். செய்ததை அவர் பார்த்திருக்க மாட்டார். கல்லீரல் இரண்டு விரற்கடை என்று வெளியில் யாரோ காதில் ஓதியதையும் ஒப்பிக்கலாம். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் ‘ஆஸ்கி’ என்ற நிலையம் நிலையமாகச் சுற்றிவரும் தேர்வைக் கொண்டுவந்தார். தேர்வாளர் நேரில் பார்த்துச் சரிபார்ப்புப் பட்டியலில் குறிப்பார். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் 1999இல் கனடாவில் பிரையன் ஹாட்ஜஸ் குழு ஒரு வேடிக்கையைக் கண்டது. அந்தப் பட்டியலின்படி அனுபவசாலி மருத்துவர்கள் மாணவர்களைவிடக் குறைவான மதிப்பெண் எடுத்தார்கள். தேவையானதை மட்டும் செய்துவிட்டு முடிவுக்கு வருகிறவருக்குப் பட்டியல் பரிசளிப்பதில்லை. பட்டியலுக்காகப் பயிலும் மாணவர் கையை ஆட்டுவார், எதையும் உணரமாட்டார். வலித்தால் சொல்லுங்க என்று மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, வலிக்குது என்று நோயாளி சொல்வதற்குள் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்.

2019இல் தொடங்கிய இந்தியத் திறன்சார் மருத்துவப் பாடத்திட்டம், ஒவ்வொரு திறனையும் தெரியும், எப்படியென்று தெரியும், செய்துகாட்டுவார், தானே செய்வார் என்று நான்காகப் பிரித்திருக்கிறது. மருத்துவக் கல்வி ஆய்வாளர் மில்லர் 1990இல் வரைந்த கோபுரத்திலிருந்து எடுத்த பிரிவினை. தானே செய்வார் என்ற நிலையை எட்டியதற்கு லாக் புக்கில் ஆசிரியர் கையெழுத்து வேண்டும். போஸ்டிங் முடியும் வாரத்தில் கட்டுக்கட்டாக வரும் லாக் புக்குகளில் அந்தக் கையெழுத்து எப்படி விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆட்களே இல்லை, எப்படி ஒவ்வொருவரையும் பார்ப்பது என்பார்கள். அந்தக் கேள்வியைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஜான் நார்சினி 1995இல் முன்வைத்த ‘மினி சி.இ.எக்ஸ்.’ என்ற முறையில் ஆசிரியர் வழக்கமான வார்டு வேலையின் நடுவே ஒரு மாணவர் ஒரு நோயாளியை ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காகப் பார்ப்பதைக் கவனித்து, அங்கேயே சொல்லித் திருத்துவார். பேச்சு, திருத்தம் எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வகுப்பில் 150 பேர். ஒவ்வொருவரையும் ஆண்டுக்கு நான்கு முறை பார்த்தால் 600 முறை. மருத்துவம், அறுவை, குழந்தை நலம், மகப்பேறு எல்லாத் துறையிலும் சேர்த்து 15 ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கு 40. மொத்தம் 13 மணி 20 நிமிடம், ஓர் ஆண்டில். நர்சிங் கல்லூரிக்கு மாணவர் எண்ணிக்கை குறைவு என்பதால் இன்னும் குறையும். லாக் புக்கில் கையெழுத்துப் போட இப்போது ஆகும் நேரத்தை இதில் கழிக்கவில்லை.